நட்சத்திரம் போட்ட வரிகள்

— இருநூத்தைம்பது வருஷமா நிக்கிற இந்த அமெரிக்க ராணுவத்துல, மிச்சமான பணத்தைத் திருப்பிக் கொடுக்கப்போற முதல் அதிகாரி நான்தான், வில்மா அம்மா. சுதந்திரப் போரை ஜெயிச்சவங்ககூட இதைச் செய்யல. வரலாற்றுல பதிவாகட்டும்.

— பதிவாகட்டும், லெப்டினன்ட் டோபின் ஹாஸ்கெல். முதல்ல அந்தப் பூட்ஸ் காலை என் மேஜையில இருந்து எடு.

— சிரிக்கிறீங்க.

— சிரிக்கல கண்ணு. டீ புரையேறிடுச்சு. எவ்வளவு மிச்சம்?

— நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் டாலர்.

— கர்த்தரே! இன்னைக்குத் தேதி இருபத்தாறு.

— தெரியும்.

— செப்டம்பர் முப்பதோட ராணுவத்துக்குக் கணக்கு வருஷம் முடியுது. நாலு நாள். டிவிக்காரன் காலையில இருந்து ஏழு தடவை ஃபோன் பண்ணிட்டான். நாற்காலிக்காரன் டோனட் பெட்டியோட வாசல்ல நிக்கிறான். அவனை உள்ள விட்டாலே கால்வாசி தீர்ந்துடும்.

— நாற்காலியா? போன செப்டம்பர்ல வாங்கினதுக்கே இன்னும் பிளாஸ்டிக் உறை கழட்டல. கிடங்குல போய்ப் பாருங்க. நாற்காலி மேல நாற்காலி உட்கார்ந்திருக்கு. மனுஷன் ஒருத்தன் உட்கார்ந்து நான் பாக்கல.

— அப்ப டிவி வாங்கு.

— துணி துவைக்கிற ரூம்ல எழுபது இன்ச் டிவி மாட்டியிருக்கோம். எட்டு வாஷிங் மெஷினும் வட்டமா உட்கார்ந்து ஃபுட்பால் பாக்குது. அதுங்களுக்கு இன்னொண்ணு வேணுமாம்மா?

— வாயி, வாயி. காலேஜ் பத்திரிகையில இப்படித்தான் எழுதிக் கிழிச்சியா?

— நாலு வருஷம். மூணு தடவை டீன் கூப்பிட்டுத் திட்டினாரு. இங்க வந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் ஒண்ணும் கற்பனை பண்ணி எழுதவே வேண்டியதில்லேன்னு. பாத்ததை எழுதினாப் போதும். போன செப்டம்பர் கடைசி வாரம் எதுக்கு அத்தனை சுட்டோம்?

— குண்டு மிச்சமிருந்துச்சு.

— மூணு நாள். பகல் பூரா. அந்தக் குன்றைப் பாத்து சுட்டுச் சுட்டு, குன்றே நாலடி குட்டையாப் போச்சு. அது நமக்கு என்னம்மா பண்ணுச்சு? ஓக்லஹோமாவுல இருக்கறதே ஒண்ணு ரெண்டு குன்று.

— இங்க பாரு கண்ணு. முப்பது வருஷமா இந்த மேஜையில உட்கார்ந்து இந்த முகாமோட செலவுக் கணக்கைப் பாக்குறேன். உன்னை மாதிரி பதினாலு லெப்டினன்ட் பாத்துட்டேன். மிச்சம் வெச்சா மேல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? "இவங்களுக்கு இது தேவைப்படல போல"ன்னு அடுத்த வருஷம் அந்தத் தொகையை அப்படியே நறுக்கிடுவாங்க.

— நறுக்கட்டுமே! தேவைப்படலதானே? நான் வேற என்ன சொல்றேன்?

— நறுக்கறது எங்கன்னு நீ சொல்ல முடியாதே.

— ஏன் முடியாது? இந்தா, ஜன்னல் வழியா பாருங்க. நாப்பது கவச வண்டி. ஒண்ணு இருபது லட்சம் டாலர். ராணுவம் வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துச்சு. அதைச் செய்யற தொழிற்சாலை எந்தக் காங்கிரஸ் சபை மெம்பரோட தொகுதியிலயோ இருக்கு, அவரு வேணும்னாரு. வந்து நிக்குது. மூணு வருஷமா அந்த மைதானத்துல முன்னேறி வர்ற ஒரே படை புல்லுதான்.

— புல் வெட்டறதுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கு.

— இருக்கும், ஏன் இருக்காது. அந்த நாப்பதை நறுக்கட்டும்.

— அந்த வரிக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கு. பட்ஜெட் தாளைப் பாத்திருக்கியா இல்லியா? நட்சத்திரம் போட்ட வரியைத் தொடக் கூடாது. வண்டிக்கு நட்சத்திரம். வண்டிக்குப் புல் வெட்டறதுக்கும் நட்சத்திரம். பேண்டு வாத்தியத்துக்கு நட்சத்திரம். பசங்க தூங்கற கட்டடத்துக் கூரைக்கு இல்ல. ஹீட்டருக்கு இல்ல.

— சேப்பலுக்குப் பின்னாடி டிரெய்லர்ல மிஸ் கார்வர்னு ஒரு அம்மா இருக்காங்களே? மனசு சரியில்லாத பசங்களோட உட்கார்ந்து பேசுவாங்களே?

— அவங்களுக்கும் இல்ல. அவங்க வருஷ ஒப்பந்தம்.

— இந்த ஆபீஸ்ல நான் சிரிக்காம கையெழுத்துப் போடற ஒரே சீட்டு அவங்களோடதுதான்.

— உன் பெருமையை விடு. கடுதாசியை எழுதிட்டியா, இல்ல சும்மா அளந்துக்கிட்டு இருக்கியா?

— எழுதியாச்சு. படிக்கறேன், கேளுங்க. "மதிப்பிற்குரிய தலைமையகத்துக்கு. இம்முகாமில் இவ்வாண்டு நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர் மீந்துவிட்டது. இந்த அவமானத்துக்கு நான் ஒருவனே பொறுப்பு. செலவழித்துவிட இயன்றவரை முயன்றேன்; எதிரிகள் எவரும் ஒத்துழைக்கவில்லை. சலவை அறைக்கு இன்னொரு தொலைக்காட்சி வாங்கலாமென்றால், இருப்பதையே சலவை இயந்திரங்கள் கவனமாகப் பார்ப்பதில்லை. ஆகவே இப்பணத்தை அதன் உரிமையாளர்களிடம், அதாவது வரி கட்டியவர்களிடம், ஒரு சிறு மன்னிப்புடன் சேர்த்துவிடும்படி..."

— போதும், போதும். வயிறு வலிக்குது.

— பாத்தீங்களா, சிரிச்சுட்டீங்க! உங்க முத்திரை இல்லாம இது மேல போகாதும்மா. ஒரு தட்டு தட்டுங்க.

— தட்ட மாட்டேன்.

— ஏன்?

— பயமா இருக்கு கண்ணு. சும்மா விளையாட்டுக்குச் சொல்லல. எங்கயோ இடிக்கும். எங்கன்னு தெரியாது, ஆனா இடிக்கும். இரு, இரு, சங்கு ஊதுது.

— வாராவாரம் ஊதற மத்தியானச் சங்குதான்மா. சூறாவளி இல்ல. சோதனை.

— தெரியும்டா. முடியட்டும்னு சொன்னேன். என் பையன் வந்ததுல இருந்து இந்தச் சங்கு ஊதினா, அவன் எங்க நிக்கிறான்னு என் கண்ணு தேடுது. வெளிநாட்டுப் போர்முனையில பதினோரு மாசம் இருந்துட்டு வந்தவன் இல்லியா.

— எமெட்டா? வண்டிக் கொட்டகையிலதான் இருப்பான். இன்னைக்கு அவனுக்கு நாப்பது இன்ஜினையும் ஸ்டார்ட் பண்ற நாள்.

— அதுதான் அவனுக்கு வேலை. மாசத்துல ஒரு நாள் நாப்பது வண்டியையும் ஸ்டார்ட் பண்ணணும், இருபது நிமிஷம் ஓட விடணும், அணைக்கணும். அடுத்த மாசம் மறுபடியும். மெக்கானிக் வேலைன்னா அவனுக்கு உசுரு. பத்து வயசுல என் காரைப் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி பூட்டினவன். இப்ப ஓடாத வண்டிக்குக் காவல் இருக்கான். சாப்பாட்டு மேஜையில ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். "எப்படிப்பா இருந்துச்சு?"ன்னா "ஸ்டார்ட் ஆச்சும்மா"ங்கறான்.

— நல்லா இருக்கான்மா. கொஞ்சம் மௌனச் சாமியார், அவ்வளவுதான்.

— செவ்வாக்கிழமை சாயங்காலம் மட்டும் கூடைப்பந்து ஆடப் போறான். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் தெளிவா இருக்கும். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.

— நேத்து இந்தக் கடுதாசியை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன்.

— யாருக்கு? எமெட்டுக்கா?

— ஆமா. "எதிரிகள் ஒத்துழைக்கவில்லை"ன்னு வந்துச்சு பாருங்க, அங்க ஆரம்பிச்சவன்தான். ஸ்பேனரைக் கீழ போட்டுட்டு, வண்டி மேல சாஞ்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். "டேய், இதை அனுப்புடா"ன்னான். "அனுப்பலேன்னா நீ வெறும் வாய்தான்"னான்.

— சிரிச்சானா?

— சத்தியமா.

— வாய் விட்டா?

— கொட்டகையே அதிர்ந்துச்சும்மா. புறா எல்லாம் பறந்துபோச்சு.

— கொடு இங்க. முத்திரை எங்க வெச்சேன்? அந்த டிராயரைத் திற.

*

— கதவு திறந்துதான் இருக்கு, வாங்க... வில்மா அம்மா! நீங்களா? உட்காருங்க, உட்காருங்கம்மா.

— உட்கார வரல கண்ணு. சாவியைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். கிடங்குச் சாவி, பீரோ சாவி, இந்த டிராயர் சாவி. மே மாசத்துல இருந்து என் பையிலயே கிடந்துச்சு. ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்.

— தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். தேதி என்ன இன்னைக்கு?

— முப்பது. செப்டம்பர் முப்பது.

— ஓ. அதான் வர்ற வழியில அந்தக் குன்றுப் பக்கம் இவ்வளவு சத்தமா? நான் தேதியே பாக்கறதில்ல. வீட்டுல எது எந்தக் கிழமைன்னே தெரியல. சர்ச்சுல இருந்து ஆளாளுக்கு சமைச்சுக் கொண்டாந்து கொடுத்தாங்க இல்ல? அடியில பேர் ஒட்டின பாத்திரம் இன்னும் பதினொண்ணு என் சமையல்கட்டுல கிடக்கு. திருப்பிக் கொடுக்கப் போனா கட்டிப் பிடிச்சு அழுவாங்கன்னு போகாமலே இருக்கேன்.

— நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்மா.

— நீயா? உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா? உன்னைக் கட்டிப் பிடிச்சு இன்னும் ஜாஸ்தி அழுவாங்க. ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்க? ஒரு ஜோக்கு கூடச் சொல்லல, நான் வந்து இவ்வளவு நேரமாச்சு.

— தீர்ந்துபோச்சு.

— அந்தச் சட்டம் ஏன் சுவரைப் பாத்துத் திரும்பியிருக்கு?

— பாராட்டுப் பத்திரம்மா. போன வருஷம் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுக்கு. "முன்மாதிரியான சிக்கனம்." ஓக் மரத்துல சட்டம். முன்னூறு டாலர்.

— மேஜையில என்ன? மறுபடி கடுதாசியா?

— அதைப் பாக்காதீங்க.

— கொடு.

— வேண்டாம்மா, கொடுங்க, நான் இன்னும் முடிக்கல...

— கையை எடு. என் கண்ணாடி எங்க... "மதிப்பிற்குரிய தலைமையகத்துக்கு. கடந்த மே மாதம் பதினான்காம் தேதி இம்முகாமில் உயிரை மாய்த்துக்கொண்ட மெக்கானிக் எமெட் ப்ருயிட்டின் மரணத்துக்கு, நான் எழுதிய ஒரு நகைச்சுவைக் கடிதமே காரணம்..."

— அம்மா.

— "...அக்கடிதத்தால் இவ்வாண்டு நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர் குறைக்கப்பட்டது. அதனால் மனநல ஆலோசகரின் ஒப்பந்தம் பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டது. அவரிடம் பேசிவந்தவர்களில் எமெட்டும் ஒருவர் என்பதை அவர் இறந்த பின்பே அறிந்தேன். ஆகவே என்னைப் பதவியிலிருந்து..."

— நீங்க இதைப் படிச்சிருக்கக் கூடாதும்மா. நானே வீட்டுக்கு வந்து சொல்லணும்னு நினைச்சேன். நாலு தடவை வந்தேன். உங்க தெரு முனையிலயே காரை நிறுத்திட்டுத் திரும்பிட்டேன்.

— தெரியும். ஜன்னல்ல இருந்து பாத்தேன்.

— பாத்தீங்களா?

— நாலு தடவையும். கதவைத் திறந்து கூப்பிட எனக்கும் தைரியம் வரல. நீ வந்தா நான் சொல்ல வேண்டியிருக்குமே.

— என்ன சொல்லணும்?

— இந்த மூணாவது வரி தப்பு. "நிறுத்தப்பட்டது"ன்னு எழுதியிருக்க. யாரு நிறுத்தினாங்க?

— மேல இருந்து...

— மேல இருக்கறவங்க தொகையைத்தான் சொல்லுவாங்க. எந்த வரியை அடிக்கறதுன்னு சொல்ல மாட்டாங்க. ஜனவரியில ஒரு வியாழக்கிழமை கர்னல் தாளைக் கொண்டாந்து இதே மேஜையில வெச்சாரு. "வில்மா, அஞ்சு மணிக்குள்ள நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் குறைச்சுக் கொடு, உனக்குத்தான் எல்லாம் தெரியும்"னாரு. நீ அன்னைக்குப் பயிற்சிக்குப் போயிருந்த.

— நீங்களா?

— எல்லாத்துக்கும் நட்சத்திரம். வண்டிக்கு, புல்லுக்கு, பேண்டுக்கு. நட்சத்திரம் இல்லாதது மூணே வரி. கூரையை முதல்ல அடிச்சேன். பத்தல. இன்னும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வேணும். ஹீட்டரா, மிஸ் கார்வரா? வெளியில பனி கொட்டுது. எமெட் அந்தக் கட்டடத்துலதான் வாரத்துல மூணு நாள் தங்கறான். பிள்ளைங்க குளிர்ல விறைக்கக் கூடாதேன்னு ஹீட்டரை விட்டேன்.

— அம்மா, போதும்.

— மிஸ் கார்வர் வரியில ஆளுங்க பேரு இருக்காது. ரகசியம் இல்ல? எண்ணிக்கை மட்டும்தான். "மாதம் இருபத்து மூன்று பேர்." ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரு இருக்கற முகாம்ல இருபத்து மூணுதானேன்னு நினைச்சேன். ஸ்கேல் வெச்சு நேரா அடிச்சேன் கண்ணு. எனக்குக் கோடு கோணலாப் போனாப் பிடிக்காது.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? எமெட் உங்ககிட்ட...

— கூடைப்பந்துன்னான். ஒன்றரை வருஷம் ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் ஷார்ட்ஸைப் பையில எடுத்துக்கிட்டுப் போனான். நானும் அதைத் துவைச்சு மடிச்சு வெச்சேன். ஒரு தடவைகூட வேர்வை வாடை அடிச்சதில்ல. ஒரு தாய்க்கு அது தெரிய வேண்டாமா? அவன் காரை விக்கலாம்னு ஜூன்ல சுத்தம் பண்ணினேன். முன் டப்பாவுல ஒரு சின்ன அட்டை. "அடுத்த சந்திப்பு: மார்ச் நாலு, செவ்வாய், ஐந்து மணி." மிஸ் கார்வர் கையெழுத்து.

— ஒப்பந்தம் பிப்ரவரி இருபத்தெட்டோட முடிஞ்சுது.

— ஆமா. அவன் போயிருக்கான். கொட்டகை ஆளு சொன்னான். பூட்டின டிரெய்லர் படியில ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். கதவுல ஒரு ஃபோன் நம்பர் ஒட்டியிருந்துச்சாம். கூப்பிட்டிருக்கான். ஆறு வாரம் காத்திருக்கணும்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப நான் கேட்டேன், "யாருப்பா ஜெயிச்சது?"ன்னு. "இன்னைக்கு ஆட்டம் இல்லம்மா"ன்னான். நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் மக்காச்சோள ரொட்டி வெச்சேன்.

— ஐயோ... அம்மா...

— அழு. அழு கண்ணு. நான் அழுது முடிச்சுட்டேன்.

— நான் எழுதலேன்னா உங்களுக்கு அந்தத் தாளே வந்திருக்காதும்மா.

— நான் முத்திரை குத்தலேன்னா உன் கடுதாசி போயிருக்காது. அவன் சிரிக்கலேன்னா நான் குத்தியிருக்க மாட்டேன். இப்படியே போய்க்கிட்டு இருக்கலாம். நாலு மாசமா நான் ராத்திரி பகலாப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்.

— ஜூன் மாசம் அந்த மெம்பருக்கு எழுதினேன். ஜோக்கு இல்லாம, ஒழுங்கா. "இந்த நாப்பது வண்டியும் எங்களுக்கு வேண்டாம், ஒரு வண்டியை விட்டாலே பத்து வருஷத்துக்கு ஒரு ஆலோசகர் வெச்சுக்கலாம்"னு.

— பதில் வந்துச்சா?

— "நம் வீரர்கள் மீதான தங்கள் அக்கறைக்கு நன்றி"ன்னு வந்துச்சு. பின்னாலேயே இன்னும் எட்டு வண்டி வந்துச்சு. இப்ப நாப்பத்தெட்டு. எமெட் இடத்துக்கு ஆள் வந்தாச்சு, தெரியுமா? எட்டே நாள்ல. வேற முகாம்ல இருந்து தூக்கிப் போட்டுட்டாங்க. அந்த வரிக்கு நட்சத்திரம் இருக்கில்ல.

— யாரு? சின்னப் பையனா?

— இருபது வயசு. ஊமை மாதிரி இருக்கான்.

— சாப்பிடறானா?

— தெரியலம்மா.

— இந்த வருஷம் எவ்வளவு மிச்சம்?

— அது எதுக்கு இப்ப?

— கேக்கறேன்ல. எவ்வளவு?

— மூணு லட்சத்து அறுபதாயிரம். ஆகஸ்ட்ல சூறாவளி வந்து பெரிய பயிற்சி ரத்தாச்சு. அந்தப் பணம்.

— மணி என்ன?

— மூணே கால்.

— கர்னல் ஜூலையில துக்கம் விசாரிக்க வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "மிஸ் கார்வரைத் திரும்பக் கொண்டாங்க"ன்னேன். "தொகை இன்னும் குறையலேன்னா புது வருஷத்துல முதல் வரியா எழுதறேன்"னாரு. நாளைக்கு அக்டோபர் ஒண்ணு. இந்த மூணு லட்சத்து அறுபதாயிரம் இன்னைக்கு உன் கையில நின்னுபோச்சுன்னா, அந்த வரி வராது.

— அப்ப இந்தப் பணத்துலயே அவங்களை எடுத்துடலாமே! இப்பவே!

— ஆள் எடுக்கணும்னா தொண்ணூறு நாள் விளம்பரம் போடணும். சாமான் வாங்கணும்னா ஒரு ஃபோன் போதும். முப்பது வருஷமா இப்படித்தான்.

— என்னால முடியாதும்மா. இந்தக் கடுதாசியோட பணத்தையும் திருப்பி அனுப்பத்தான் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது தப்பா? இது அத்தனையும் வீண். அந்த மைதானத்துல நிக்கறது அத்தனையும் வீண்.

— வீண்தான். நீ எழுதின ஒவ்வொரு எழுத்தும் நிஜம். வெட்டணும், அங்க வெட்டணும். ஆனா நீ இங்க உட்கார்ந்து வெட்டுன்னு சொன்னா அது அங்க விழாதுடா. நட்சத்திரம் இல்லாத இடம் தேடித்தான் விழும். அந்த இருபத்து மூணு பேருல இன்னும் இருபத்திரண்டு பேரு இருக்காங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரியாது. வர்ற வழியில காவல்ல நின்ன பையன் சல்யூட் அடிச்சான். இவனா இருக்குமோன்னு பாத்தேன். கேண்டீன்ல தட்டு கழுவறவனைப் பாத்தேன். எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி தெரியுது. சொல்லு, இன்னும் எந்தக் கடைக்காரன் பாக்கி?

— யாரும் இல்ல. கடைசி நாளும்மா. டிவி தீர்ந்துபோச்சு. மூணு மாநிலத்துல ஒரு டிவி இல்லையாம், மத்த முகாம் எல்லாம் வழிச்சுட்டாங்க. நாற்காலிக்காரன் விடுமுறைக்குக் கடலுக்குப் போயிட்டான்.

— டயர்?

— என்ன டயர்?

— மக்ரே டயர் டிப்போ. ஊருக்குள்ளயேதான் இருக்கு. பெரிய டயர் எப்பவும் கிடங்கு நிறைய வெச்சிருப்பான். நாப்பத்தெட்டு வண்டி, வண்டிக்கு ஆறு. இருநூத்து எண்பத்தெட்டு. ஒண்ணு ஆயிரத்து இருநூத்தைம்பதுன்னு போட்டாக்க...

— மூணு லட்சத்து அறுபதாயிரம்.

— சரியா வருது.

— அம்மா, அந்த வண்டி மீட்டரைப் பாத்திருக்கீங்களா? பதினோரு மைல். ரயில்ல இருந்து இறக்கி மைதானத்துக்கு வந்த தூரம். டயர்ல கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் உரியல.

— தெரியும். எமெட் சொல்லியிருக்கான்.

— உங்களுக்கு மனசு வருதா?

— மனசா? அது எங்க இருக்கு? ஃபோனைக் கொடு, நானே பேசறேன். நானே கையெழுத்துப் போடறேன். இன்னைக்கு வரைக்கும் நான் இங்க வேலையிலதான் இருக்கேன்.

— வேண்டாம். நீங்க ஒண்ணுலயும் கை வைக்காதீங்க. உட்காருங்க. இந்தத் தடவை உட்காருங்கம்மா, ப்ளீஸ்.

— நம்பர் அந்தச் சுவர்ல ஒட்டியிருக்கு. சிவப்பு எழுத்து.

— பாத்துட்டேன்... ஹலோ.

— மக்ரே டயர் டிப்போ, ராட்னி பேசறேன்.

— முகாம்ல இருந்து லெப்டினன்ட் ஹாஸ்கெல். கவச வண்டிக்குப் போடற டயர். இருநூத்து எண்பத்தெட்டு வேணும். பில் இன்னைக்குத் தேதியில வேணும்.

— அம்மாடியோவ்! இருநூத்து எண்பத்தெட்டா? இருக்கு சார், இருக்கு. லாரி ரெண்டு நடை அடிச்சா அஞ்சு மணிக்குள்ள இறக்கிடலாம். ஒரு நிமிஷம், ராணுவ ஆர்டர்னா கம்ப்யூட்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா ஏத்துக்காது. என்ன போடட்டும்?

— ...

— சார்? லைன்ல இருக்கீங்களா? என்ன காரணம் போடட்டும்?

— எழுதிக்கங்க. ஓடி ஓடித் தேஞ்சுபோச்சு.